வாயிலில் நிற்கும் தீவு

நுழையும்முன்

தனித்து நிற்பது உரிமையா, கூடி வாழ்வது வலிமையா என்னும் வினா தனிமனிதர்க்கு மட்டும் உரியதன்று; நாடுகளுக்கும் உரியது. பெரிய நாடுகளைவிடச் சிறிய நாடுகளையே இவ்வினா மிகுதியாக வருத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைவதா, வெளியே நிற்பதா என்று நெடுங்காலமாக எண்ணிப்பார்த்துவரும் நாடு ஐஸ்லாந்து. அந்நாட்டின் தயக்கத்திற்கான காரணங்களை அறிவது, இறையாண்மை என்னும் சொல்லின் பொருளை ஆழ்ந்து உணர்வதற்குத் துணைசெய்யும்.

கடல் வளர்த்த நாடு

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி அமைந்த தீவு ஐஸ்லாந்து. எரிமலைகளும் பனிப்பாறைகளும் நிறைந்த அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ ஏறத்தாழ நான்கு இலட்சமே. ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேப் பகுதியிலிருந்து வந்தோர் அங்குக் குடியேறினர். அவர்கள் கி.பி. 930இல் திங்வெட்லிர் என்னும் திறந்தவெளியில் கூடி, 'அல்திங்கி' என்னும் பேரவையை நிறுவினர். இன்றும் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்பெயராலேயே வழங்கப்படுகிறது.

1262இல் தொடங்கி அத்தீவு நார்வே மன்னரின் ஆட்சிக்கும், பின்னர் டென்மார்க்கின் ஆட்சிக்கும் உட்பட்டது. 1944ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் அதே திங்வெட்லிரில் ஐஸ்லாந்து குடியரசாக அறிவிக்கப்பட்டது. பல நூற்றாண்டுகள் பிறர் ஆட்சியில் வாழ்ந்து விடுதலை பெற்ற மக்கள், முடிவெடுக்கும் உரிமையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளத் தயங்குவது இயல்பே.

மீனுக்காக நிகழ்ந்த போராட்டம்

பயிர்த்தொழிலுக்கு ஏற்ற நிலம் குறைந்த அந்நாட்டிற்குக் கடலே விளைநிலம். காட் என்னும் மீன் அதன் பொருளாதாரத்தின் முதுகெலும்பாக விளங்கியது. ஆனால், அத்தீவைச் சூழ்ந்த கடலில் பிரிட்டன் முதலிய நாடுகளின் இழுவைக் கப்பல்கள் பெருமளவில் மீன்பிடித்து வந்தன. மீன்வளம் குன்றுவதைக் கண்ட ஐஸ்லாந்து, தன் மீன்பிடி எல்லையை 1958இல் 12 கடல் மைல்களாகவும், 1972இல் 50 கடல் மைல்களாகவும், 1975இல் 200 கடல் மைல்களாகவும் விரிவுபடுத்தியது.

பிரிட்டன் இதனை ஏற்காமல் போர்க்கப்பல்களை அனுப்பியது. படையே இல்லாத ஐஸ்லாந்து, தன் கடலோரக் காவல் கப்பல்களைக் கொண்டு அயல்நாட்டுக் கப்பல்களின் வலைக்கயிறுகளை அறுத்தது. 'காட் போர்கள்' எனப்படும் இப்பூசல்கள் 1976இல் ஐஸ்லாந்தின் எல்லையைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டதோடு முடிவுற்றன. 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் 200 கடல் மைல் உரிமையை உலகப் பொதுவிதியாக்கியது. இவ்வாறு போராடிப் பெற்ற கடலே, ஒன்றியத்தில் இணைவது பற்றிய விவாதத்தின் நடுவே இன்றும் நிற்கிறது.

பாதி திறந்த கதவு

ஐஸ்லாந்து ஐரோப்பாவிலிருந்து முற்றிலும் விலகி நிற்கவில்லை. 1970இல் ஐரோப்பியத் தடையிலா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1994இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி உடன்பாட்டின்வழி ஒன்றியத்தின் பொதுச்சந்தையிலும் இடம்பெற்றது. இதனால், அந்நாட்டு மக்கள் உறுப்பு நாடுகளில் வாழவும் பணிபுரியவும் உரிமை பெற்றனர். வேளாண்மை, மீன்வளம் ஆகியன பற்றிய ஒன்றியத்தின் பொதுக்கொள்கைகள் அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. பிற நாடுகளோடு வணிக உடன்பாடு செய்துகொள்ளும் உரிமையும் அவர்களிடமே உள்ளது. 2013இல் சீனாவோடு ஐஸ்லாந்து தனித்து உடன்பாடு செய்துகொண்டது. 2024இல் வணிகக் கூட்டமைப்பின் பிற நாடுகளோடு சேர்ந்து இந்தியாவுடனும் உடன்பாடு கண்டது.

இந்த ஏற்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு. பொதுச்சந்தை தொடர்பாக ஒன்றியம் இயற்றும் சட்டங்களை ஐஸ்லாந்தும் தன் சட்டங்களாக ஏற்க வேண்டும். அவற்றை உருவாக்கும் நிலையில் கருத்துரைக்கலாம், வாக்களிக்க இயலாது. ஏற்க மறுத்தால், உடன்பாட்டின் தொடர்புடைய பகுதி நிறுத்திவைக்கப்படக் கூடும். வெளியே நிற்பதால் உரிமை காக்கப்படுகிறது என்போர் எதிர்கொள்ளவேண்டிய கடினமான உண்மை இது.

வீழ்ச்சி தூண்டிய விண்ணப்பம்

2008ஆம் ஆண்டு அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் அடுத்தடுத்துச் சரிந்தன. அந்நாட்டு நாணயமான குரோனா பெருமதிப்பிழந்தது. அயல்நாட்டு நாணயத்தில் கடன் பெற்றிருந்த குடும்பங்களின் கடன்சுமை பெரிதும் பெருகியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியை அரசு நாடியது. சிறிய நாணயம் பெரும்புயலைத் தாங்காது, யூரோவே பாதுகாப்பு என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

2009ஆம் ஆண்டு ஜூலையில் அல்திங்கி, 33 வாக்குகள் ஆதரவாகவும் 28 வாக்குகள் எதிராகவும் அமைய, உறுப்புரிமைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு பேச்சுவார்த்தை தொடங்கியது. பல தலைப்புகளில் இணக்கம் எளிதாகவே ஏற்பட்டது. ஏனெனில் பொதுச்சந்தையின் விதிகள் அங்கு முன்னரே நடைமுறையில் இருந்தன. ஆனால், மீன்வளம் பற்றிய தலைப்பு திறக்கப்படவே இல்லை. 2013இல் அமைந்த புதிய அரசு பேச்சுவார்த்தையை நிறுத்தியது. தன்னை விண்ணப்பதார நாடாகக் கருத வேண்டா என 2015இல் ஒன்றியத்திற்குத் தெரிவித்தது. 2024 டிசம்பரில் பொறுப்பேற்ற கூட்டணி அரசோ, பேச்சுவார்த்தையைத் தொடர்வது குறித்து 2027க்குள் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக உறுதியளித்தது.

இருதரப்பு வாதங்கள்

இணைவதை எதிர்ப்போரின் முதல் வாதம் கடல் பற்றியது. ஒன்றியத்தின் மீன்வளக் கொள்கைப்படி, கரையை அடுத்த 12 கடல் மைல்களுக்கு அப்பால் உள்ள கடற்பரப்பு, பொதுவாக உறுப்பு நாடுகள் அனைத்தின் கலங்களுக்கும் திறந்தது. ஆண்டுதோறும் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதை உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவுசெய்கின்றனர். 200 மைல்களுக்காகப் போராடிய மக்களுக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

ஆதரிப்போர் இதற்கு விடை கூறுகின்றனர். மீன்பிடிப் பங்குகள் கடந்தகாலத்தில் பிடித்த அளவை அடிப்படையாகக் கொண்டே பகிரப்படுகின்றன; பிற நாடுகள் அக்கடலில் நெடுங்காலமாகப் பெருமளவில் மீன்பிடிக்காததால் பெரும்பங்கு ஐஸ்லாந்துக்கே வரும் என்பர். அவ்விதி நாளை மாற்றப்படாது என்பதற்கு உறுதி யாது என எதிர்ப்போர் வினவுவர்.

இரண்டாம் வாதம் குரலின் அளவு பற்றியது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் மிகச்சிறிய நாடுகளுக்கு ஆறு இடங்களே உள்ளன. அந்த ஆறு குரல்கள் கடலில் கரைத்த பெருங்காயம் என்பது ஒரு சாரார் கருத்து. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது பெரும்பங்கே. மேலும், வரி, அயலுறவு முதலியவற்றில் ஒருமனதான முடிவே தேவைப்படுவதால் சிறுநாட்டின் மறுப்புக்கும் வலிமை உண்டு என்பது மறுசாரார் கருத்து.

மூன்றாவது நாணயம் பற்றியது. யூரோவை ஏற்றால் வட்டிவிகிதம் குறையலாம், விலைகள் நிலைபெறலாம். ஆயினும், 2008க்குப் பின்னர்க் குரோனாவின் மதிப்பு வீழ்ந்ததே ஏற்றுமதிக்கும் சுற்றுலாவுக்கும் கைகொடுத்தது என்பதையும் மறத்தலாகாது. நாட்டுக்கு மீட்சி தந்த அதே வீழ்ச்சிதான் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது.

விலையில்லா உரிமை இல்லை

இவற்றை நடுநின்று நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். இணைந்தால் உரிமை பறிபோகும், விலகினால் உரிமை நிலைக்கும் என்னும் எளிய சமன்பாடு இங்குப் பொருந்தாது. வெளியே நிற்கும் ஐஸ்லாந்து தன் கடலைத் தானே ஆள்கிறது. ஆயின், பிறர் இயற்றும் சந்தை விதிகளுக்கு உடன்படுகிறது. உள்ளே சென்றால் விதிகளை இயற்றும் அவையில் அமரும். ஆயின், கடலைப் பற்றிய முடிவைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு வழிகளுக்கும் விலை உண்டு.

எந்த விலையைக் கொடுப்பது என்பதை வல்லுநர்கள் கணக்கிட்டுக் காட்டலாம். முடிவுசெய்யும் உரிமை மக்களுக்கே உரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திறந்தவெளியில் கூடிப் பேசி முடிவெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள், காலம் தாழ்ந்தாலும் கலந்துபேசியே முடிவெடுக்க விரும்புகின்றனர். சிறிய நாட்டின் வலிமை அதில்தான் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

• நார்வே மக்கள் 1972, 1994 ஆகிய இரு பொதுவாக்கெடுப்புகளிலும் உறுப்புரிமையை மறுத்தனர்.
• டென்மார்க்கின் ஆட்சிப்பகுதியான கிரீன்லாந்து, மீன்பிடி உரிமையை முதன்மைக் காரணமாகக் கொண்டு 1985இல் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து விலகியது.
• சிறிய தீவு நாடான மால்டா, 2003இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 2004இல் ஒன்றியத்தில் இணைந்தது. தன்னைச் சூழ்ந்த 25 கடல் மைல் பரப்பில் மீன்வளம் காக்கச் சிறப்பு ஏற்பாட்டையும் பெற்றது.

கற்பவை கற்றபின்...

1. 'சிறிய நாடுகள் கூட்டமைப்புகளில் இணைவது நன்மை தருமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. நார்வே, கிரீன்லாந்து, மால்டா ஆகியவற்றின் முடிவுகளை ஐஸ்லாந்தின் நிலையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.