பட்டியலில் இல்லாத சேர்வர்

கையிருப்பு ஏட்டில் பதியாத சரக்கு காணாமற் போனால் அதைத் தேடுவார் எவருமில்லை. கணனி விடயத்திலும் இதுவே நியாயம் என்பதை நான் சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். எனது அனுபவம் மற்ற வியாபாரிகளுக்கும் உதவட்டும் என்று இங்கு எழுதுகிறேன்.

எமது மொத்த வியாபார நிலையத்தின் மேல்மாடியில் மூன்று சேர்வர்கள் உள்ளன. ஒன்று பற்றுச்சீட்டுக்கு, ஒன்று கணக்குக்கு, மற்றது கிளைகளுடனான தொடர்புக்கு. அவற்றை ஒரே திரையில் காட்டும் முகாமைத்துவ மென்பொருள் எனது மேசைக் கணனியில் இருக்கிறது. நலமென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. களஞ்சியசாலைக் கணக்குக்கென நான்காவது சேர்வர் ஒன்றை வாங்கினோம். பொருத்த வந்தவர் எல்லாவற்றையும் முடித்தார். ஆனால் மென்பொருளில் தேடியபோது, 'சேர்வர் கண்டுபிடிக்கப்படவில்லை' என்றே வந்தது. "வேலை செய்யுதுதானே நானா, பட்டியலில் பிறகு சேர்ப்போம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஆறு வாரங்கள் கழித்து, பில் புத்தகம் எடுக்க மேலே போன இலிகிதர் ஒருவர், புதிய பெட்டியில் செம்மஞ்சள் விளக்கு எரிவதாகச் சொன்னார். ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் எழுதும் சேர்வர் அது. அதில் ஒன்று பழுதாகி எத்தனை நாளோ! எனது திரையில் எல்லாம் பச்சை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இரவு நேரப் பிரதியெடுப்பும் அதே பட்டியலை வைத்துத்தான் நடந்திருக்கிறது. அதாவது, ஆறு வாரக் களஞ்சியக் கணக்குக்குப் பிரதியே இல்லை. கிளைகளுக்கு அனுப்பிய சரக்கின் கணக்கு முழுவதும் எஞ்சிய ஒற்றைத் தட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதை வெளித்தட்டொன்றில் பிரதி எடுத்தோம். அதன் பிறகே, சேர்வர் ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை என்று ஆராய அமர்ந்தோம்.

மென்பொருள் தேடும் விதம், நிலுவை வசூலிக்கப் போகும் பையனைப் போன்றது. சொன்ன தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டும். பதில் வந்தால், 'நீ யார்?' என்று கேட்கும். உள்ளே போகச் சாவியைக் காட்டும். எங்கே தடைப்பட்டாலும் பெரும்பாலும் 'காணவில்லை' என்ற ஒரே பதில்தான். ஆகவே ஒழுங்காக, ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, முகவரி. எமது மென்பொருளுக்குத் தேடச் சொல்லியிருந்த எல்லை 192.168.1.1 முதல் 192.168.1.100 வரை. புதிய சேர்வரின் முகவரியோ 192.168.1.120. பாதித் தெருவோடு திரும்பிய பையன் கடையைக் காணவில்லை என்று சொன்னதில் வியப்பென்ன? எல்லையைத் திருத்தினோம். சேர்வருக்கு எப்போதும் மாறாத முகவரியே கொடுக்க வேண்டும். ஒரே முகவரி இரு கணனிகளுக்குக் கொடுபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். இலக்கத்தால் அழைத்தால் பதில் வருகிறது, பெயரால் அழைத்தால் வருவதில்லை என்றால், பெயரை இலக்கமாக மாற்றும் டி.என்.எஸ். பதிவில்தான் பிழை. பழைய சேர்வரின் பெயரைப் புதியதற்கு வைக்கும்போது, பழைய இலக்கமே அங்கு தங்கிவிடுவதுண்டு.

மூன்றாவது, கதவு. எல்லையைத் திருத்திய பின்னரும் எமக்குப் பதில் வரவில்லை. புதிய சேர்வரின் விண்டோஸ், எமது வலையமைப்பைப் 'பொது' என்ற வகையில் வைத்திருந்தது. அந்த வகையில் அதன் பயர்வோல் பிங் அழைப்புக்கும் பதில் கொடுக்கவில்லை. பிங்குக்குப் பதில் இல்லாததால் சேர்வர் இறந்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. விண்டோஸை விசாரிக்க 135, லினக்ஸுக்கு 22, எஸ்.என்.எம்.பி. முறைக்கு 161 என வாசல்கள் வேறு வேறு. பொறுமையிழந்து பயர்வோலையே அணைத்துவிடுவோர் உண்டு. அது, சாவி தொலைந்ததற்காகக் கதவைக் கழற்றி வைப்பது போலாகும். முகாமைத்துவக் கணனியின் முகவரிக்கு மட்டும் வேண்டிய வாசலைத் திறந்துவிட்டால் போதும்.

நான்காவது, சாவி. பாவனையாளர் பெயரும் கடவுச்சொல்லும் சரியா, அந்தப் பெயருக்குப் போதிய அதிகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைச் சேர்வரில் மாற்றிவிட்டு மென்பொருளில் மாற்ற மறப்பது வழமையான தவறு. விண்டோஸ் டொமைன் பாவிப்போர் கடிகாரத்தையும் பார்க்கட்டும். வழமையான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபட்டால் சரியான சாவியும் மறுக்கப்படலாம்.

மூன்றாவது படியோடு எமது சேர்வர் பட்டியலில் வந்தது. வந்தவுடனே சிவப்பு! பழுதான வன்தட்டை மாற்றினோம், பிரதியெடுப்பிலும் சேர்த்தோம்.

ஒரு திருத்தம் செய்ததும் மீண்டும் தேடிப் பார்த்து, அதன் பின்னரே அடுத்ததற்குப் போனோம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியிருந்தால், எது பிழை என்பது இன்றும் எமக்குத் தெரிந்திராது.

இப்போது மாதம் ஒரு தடவை, சரக்குக் கணக்கெடுக்கும் அதே நாளில், மேல்மாடிக்குப் போய்ப் பெட்டிகளை எண்ணுகிறேன். திரையிலுள்ள பெயர்களையும் எண்ணுகிறேன். பெயர், முகவரி, வாங்கிய திகதி, பொறுப்பாளர் என நான்கு நிரல் போட்ட கொப்பி ஒன்றும் உண்டு. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் அன்றே காரணம் தேடுவோம். புதிய சேர்வர் பொருத்த வருபவருக்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: திரையில் அதன் பெயர் தெரிந்த பிறகுதான் மீதிப் பணம்.