ஆனி மாதத்தில் ஒரு நினைவு நாள்

இறந்தவரை நினைவுகூர்வது எமது சமயம் விதித்த கடமை. ஆடி அமாவாசையில் தந்தைக்கும், சித்திராப் பௌர்ணமியில் தாய்க்கும் விரதம் இருக்கிறோம். ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். இவை குடும்பத்தவர் செய்பவை. குடும்பமே இல்லாமற் போனவர்களுக்கு யார் செய்வது?

தர்ப்பண முறையிலேயே இதற்கு விடை உண்டு. முன்னோருக்கு நீர் வார்த்தபின், தாய், தந்தை, சுற்றம் எவருமற்று மாண்டோருக்கும் நீர் வார்க்கப்படுகிறது. அவர்கள் யார், எவ்வூரார் என்று எவரும் கேட்பதில்லை. இதன் பொருளை நாம் வாழும் கனடா நாட்டின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

1985 ஜூன் 23 அன்று, ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் பயணிகளை ஏற்றிய எயர் இந்தியா 182 ஆம் இலக்க விமானம் அயர்லாந்துக்கு அருகே அத்திலாந்திக் கடலின் மேல் குண்டு வெடித்துச் சிதறியது. சீக்கியத் தீவிரவாதிகள் சிலர் கனடாவிலேயே தீட்டிய சதி அது. 329 பேர் மாண்டனர். பெரும்பாலானோர் கனடியர். கோடை விடுமுறைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் பலர். சில குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை வளர்த்த விஞ்ஞானி நாயுடம்மாவும் அதில் இருந்தார். இந்துக்களோடு சீக்கியரும், முஸ்லிம்களும், கிறிஸ்தவரும் மாண்டனர். ஆகவே இந்நாளை ஒரு சமூகத்தின் மீது பகை வளர்க்கப் பயன்படுத்துவது மாண்டவருக்கே செய்யும் அநீதி.

அன்று கனடியப் பிரதமர் அனுதாபம் தெரிவித்தது இந்தியப் பிரதமருக்கு. இறந்தவர் தம் நாட்டு மக்கள் என்பது பலருக்கு உறைக்கவில்லை.

அயர்லாந்து மக்களோ உடல்களைத் தேடிக் கடலில் இறங்கினர். வந்த உறவினரை அரவணைத்தனர். அகாகிஸ்ரா என்ற கடலோரச் சிற்றூரில் 1986 இலேயே நினைவிடம் எழுந்தது. ஆண்டுதோறும் அங்கே மக்கள் கூடுகின்றனர். உறவேதும் இல்லாதவர் வார்த்த நீர் அது.

கனடாவில் குடும்பங்கள் சோர்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் கூடினர், விசாரணை வேண்டும் என்று கேட்டனர். 2005 இல் இரு சந்தேகநபர்கள் விடுதலையாயினர்; தண்டனை பெற்றவர் ஒருவர் மட்டுமே. அதே ஆண்டில் ஜூன் 23, பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோரின் தேசிய நினைவு நாளாக அறிவிக்கப்பட்டது. 2007 இல் ரொறன்ரோவின் ஹம்பர் பே பூங்காவில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. நீதிபதி மேஜர் தலைமையிலான ஆணைக்குழு 2010 இல் அரசு அமைப்புகளின் தவறுகளை எடுத்துரைத்தது. அவ்வாண்டு நினைவு நாளில் பிரதமர் ஹாப்பர் மன்னிப்புக் கேட்டார். சம்பவம் நடந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? வீட்டில் ஏற்றும் விளக்கு மனத்துக்கு ஆறுதல் தரும். ஊர் கூடி ஏற்றும் விளக்கு, "இவர்கள் எங்களவர்" என்று நாட்டுக்குச் சொல்லும். குடும்பங்கள் வெளியே வந்து நினைவுகூர்ந்திராவிட்டால் விசாரணையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்தப் பெற்றோர் இன்று முதுமையடைந்துவிட்டனர்; பலர் மறைந்தும்விட்டனர். அவர்களுக்குப் பின் அங்கே யார் நிற்பது? உறவில்லாதவருக்கும் நீர் வார்க்கக் கற்ற நாம் நிற்கலாம்.

ஆனி மாதத்தில் வரும் அந்நாளில் ஆலயத்தில் ஒரு விளக்கேற்றி, சில நிமிடம் மௌனமாக இருப்போம். பிள்ளைகளை நினைவிடத்துக்கு அழைத்துச் சென்று, சுவரில் உள்ள பெயர்களை வாய்விட்டு வாசிக்கச் செய்வோம்.

வீட்டில் பேசுவதற்கு:

1. எவருமற்றவருக்கும் தர்ப்பணத்தில் ஏன் இடம் வைத்தனர்?
2. கனடியப் பிரதமரின் அனுதாபம் முதலில் யாருக்குப் போயிருக்க வேண்டும்?
3. எம் துயரத்தைப் பிறர் நினைக்க வேண்டும் என்று விரும்பும் நாம், பிறருடைய எந்தத் துயரத்தை நினைவில் வைத்திருக்கிறோம்?