மழை ஜாக்கெட் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை தலைகாட்டியதும், புதிதாகச் சைக்கிள் ஓட்ட வந்தவர்கள் எல்லோரும் கேட்பது, "அண்ணா, எந்த ஜாக்கெட் வாங்கலாம்?" என்றுதான். எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு பதில், குன்னூர் மலைப்பாதைக்கு வேறு பதில்.

1. சமவெளியில் நனையுங்கள். சென்னையில் அடைமழை பெய்தாலும் உடம்பு விறைக்கும் குளிர் வருவதில்லை. அந்தப் புழுக்கத்தில் தண்ணீர் புகாத ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மிதித்தால், மழைக்குப் பதில் வியர்வையில் நனைவீர்கள். மழை விட்டபின் ஜெர்ஸி ஓட்டத்திலேயே காய்ந்துவிடும். ஜாக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல மட்கார்டும் பின்விளக்கும் வாங்குங்கள். இடி மின்னல் இருந்தாலோ, பள்ளம் தெரியாத அளவுக்குச் சாலையில் தண்ணீர் நின்றாலோ வண்டியை எடுக்கவே வேண்டாம்.

2. முதலில் வாங்க வேண்டியது காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். சுமார் 100 கிராம் எடைதான். மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கி, ஜெர்ஸியின் பின்பையில் போய்விடும். இதன் அருமை மலையிறக்கத்தில்தான் தெரியும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். இறக்கம் முடியும் மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டியது. ஏறும்போது வியர்வையில் ஊறிய ஜெர்ஸியோடு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் காற்று நெஞ்சுச் சூட்டை உறிஞ்சிவிடும். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைகளுக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். விரல் மரத்துப்போகும், பிரேக் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் அந்த நிலை வரக்கூடாது. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலையுச்சியில் செய்தித்தாளை வாங்கி ஜெர்ஸிக்குள் செருகிக்கொண்டு இறங்கியதும் இதற்காகத்தான். உச்சியில் டீக்கடையில் நின்றவுடன், உடம்பில் சூடு இருக்கும்போதே ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் தாமதம்.

3. மழையையே தடுக்கும் ஜாக்கெட், தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை, ஐப்பசி கார்த்திகையில் கொடைக்கானல், ஊட்டி என்று போகிறவர்களுக்கு. லேபிளில் 10,000 மி.மீ. என்றிருந்தால், அவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை அந்தத் துணி கசியாமல் தாங்கும் என்று பொருள். கிராமில் இருக்கும் இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் வெளியேறும் நீராவியின் அளவு. இந்த இரண்டாவது எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். துணிக்குள் இருக்கும் சவ்வின் நுண்துளை மழைத்துளியைத் தடுத்து நீராவியை விடும்; ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே அவை குறைந்திருந்தால்தான் ஆவி நகரும். வெளியிலும் அதே வெப்பம், அதே ஈரம் என்றால் எவ்வளவு விலை கொடுத்த சவ்வும் சும்மா இருக்கும். அதனால் அக்குளில் ஜிப் வைத்ததைத் தேடுங்கள். மலையேறும்போது அதைத் திறந்துவிட்டால் கிடைக்கும் காற்றுக்கு எந்த எண்ணும் ஈடில்லை.

4. கடையில் ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். தையல் முழுவதும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசித்துளை வழியே தோளில்தான் முதலில் தண்ணீர் இறங்கும்.

5. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அளவு பார்க்காதீர்கள். நாம் ஓட்டுவது குனிந்து. கடைக்காரரிடம் ஒரு சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பற்றுங்கள். ஜாக்கெட்டின் கைநுனி மணிக்கட்டைத் தாண்டி மேலேறுகிறதா? முதுகுத்துணி தூக்கிக்கொண்டு இடுப்பு தெரிகிறதா? வேறு எடுங்கள். பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் நேராக அந்த இடைவெளிக்குத்தான் வரும். தொளதொளப்பும் கூடாது, ஆடிமாதம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கணவாய்க் காற்றில் அது கப்பல் பாயாகி உங்களைத் தள்ளும். தலையை மூடும் தொப்பி, திரும்பி லாரியைப் பார்ப்பதை மறைக்கும். பைக் ஓட்டுபவர்கள் போடும் நீள ரெயின்கோட்டும் போஞ்சோவும் சக்கரத்தில் சிக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

6. கறுப்பு வேண்டாம். மழையில் ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரிய வேண்டும்.

7. புதிதில் மேல்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளும். அது நின்று துணி ஈரத்தில் ஊறத் தொடங்கினால் ஜாக்கெட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தேய்ந்தது மேல்பூச்சுதான். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். பெரும்பாலும் பூச்சு உயிர்பெறும். பெறாவிட்டால் தெளிக்கும் பூச்சு கடையில் கிடைக்கிறது.