பெயர்ந்த கூரையும் பெருங்காற்று என்ற வாதமும்

வினா: கொச்சி மட்டாஞ்சேரியில் பாண்டிக்குடிப் பகுதியில் சொந்த வீட்டில் குடியிருக்கும் வாசகர் ஒருவர், மொட்டை மாடியின் மேல் ட்ரஸ் அடித்து வண்ணத் தகடு வேய்ந்திருக்கிறார். வேய்ந்து ஓராண்டு நிறைவதற்குள் பருவமழைக் காற்றில் அதன் ஒரு பகுதி பெயர்ந்து அடுத்த வீட்டு ஓட்டுக் கூரையின் மேல் விழுந்துவிட்டது. காற்றுக்குத் தாம் பொறுப்பாக முடியாது என்கிறார் கூரை அமைத்த ஒப்பந்தக்காரர். அடுத்த வீட்டாரோ இழப்பீடு கேட்கிறார். இந்நிலையில் யார் யாருக்குப் பொறுப்பு என்பதே அவரது வினா.

விடை: ஒப்பந்தக்காரர் முன்வைக்கும் வாதம் சட்டத்தில் ‘தெய்வச் செயல்’ என்று அறியப்படுவது. மனிதக் கை சிறிதும் படாமல் இயற்கை ஆற்றலால் மட்டுமே நிகழ்ந்ததும், நியாயமான முன்னெச்சரிக்கையால் எதிர்பார்க்கவோ தடுக்கவோ இயலாததுமான நிகழ்வுக்கே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். காற்று பலமாக வீசியது என்பது மட்டும் போதாது. அந்த ஊரில், அந்தப் பருவத்தில், அத்தகைய காற்று வீசும் என்று கவனமுள்ள ஒரு தொழிலாளி கருதியிருக்க வேண்டுமா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்த்த கல்லுலால் எதிர் ஹேம்சந்த் வழக்கில், தெருவோரச் சுவர் மழையில் இடிந்து இரு குழந்தைகள் இறந்தனர். அன்று பெய்த 2.66 அங்குல மழை மழைக்காலத்தில் எதிர்பார்க்கத்தக்கதே என்று கூறி, தெய்வச் செயல் என்ற வாதத்தை நீதிமன்றம் மறுத்தது. எடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் அதனுடன் வரும் காற்றும் ஆண்டுதோறும் கடந்து செல்லும் கொச்சிக்கு இந்த அளவுகோல் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

எதிர்பார்க்கத்தக்க காற்று எவ்வளவு என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி (2015) விடை தருகிறது. கேரளக் கரைக்கு அது குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை நேரலாம் என்று கணிக்கப்படும், மூன்று நொடி நீடிக்கும் உச்ச வீச்சு அது. இத்தரம் தன்னளவில் நாடாளுமன்றச் சட்டம் அன்று. ஆயினும் தொழிலில் நியாயமான கவனம் எது என்று அளக்க நீதிமன்றத்திற்குக் கிடைக்கும் மிக நம்பகமான கோல் அதுவே. பருவமழைக் காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை கேரளத்திற்கு வழக்கமாக விடுக்கும் பலத்த காற்று எச்சரிக்கைகள் மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தைப் பற்றியவை. 2017-இன் ஒக்கி, 2021 மே மாதத்து டவ்தே ஆகிய புயல்களும் கொச்சியின் மேல் கரையேறாமல் கடல் வழியே சென்றவையே. ஆகவே, அன்றைய காற்றின் அளவை வானிலை ஆய்வுத் துறையிடமிருந்து எழுத்து வடிவில் பெற்றுவிட்டால், அது 140-க்கு மிகக் கீழே இருக்கும் நிலையில், தெய்வச் செயல் என்ற வாதம் நிற்பது கடினம்.

காற்று கூரையைத் தள்ளிக் கவிழ்க்கிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், உண்மையில் கூரையின் மேற்பரப்பில் உண்டாகும் உறிஞ்சு விசையே தகட்டை மேலே இழுக்கிறது. பக்கச் சுவர் இல்லாத மாடிக் கூரையில் அடியில் புகும் காற்று அதைக் கீழிருந்தும் தூக்குகிறது. மேற்சொன்ன வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் பிறக்க, அரை மில்லிமீட்டர் தகட்டின் எடையோ அதே பரப்பில் 5 கிலோவைத் தாண்டாது. எனவே கூரையை நிறுத்துவது தகட்டின் கனம் அன்று, திருகாணிகளும் அவை பிடித்திருக்கும், தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களும் ட்ரஸ்ஸை கான்கிரீட்டில் பிணைத்த ஆங்கர் போல்ட்டுகளும்தாம். இறவாரத்திலும் ஓரங்களிலும் முகட்டிலும் உறிஞ்சு விசை மிகுதி என்பதால் அங்கே திருகாணிகள் நெருக்கமாக அமைய வேண்டும். உப்புக்காற்று ஓயாத மட்டாஞ்சேரியில் அவை துருவைத் தாங்கும் பூச்சு உடையவையாகவும் இருக்க வேண்டும்.

வழக்கின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. திருகாணி பர்லினிலேயே நிற்க, தகடு மட்டும் அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து போயிருந்தால், தகடு மெல்லியது அல்லது திருகாணிகள் குறைவு என்று கொள்ள இடமுண்டு. திருகாணி தகட்டோடு பிடுங்கி வந்திருந்தால் பர்லினின் கனத்திலோ திருகாணியின் நீளத்திலோ குறை இருக்கலாம்; பர்லினும் சேர்ந்து பெயர்ந்திருந்தால் வெல்டிங்கையும் ஆங்கர் போல்ட்டையும் சோதிக்க வேண்டும். இடிபாடுகளை அவசரமாக பழைய இரும்புக் கடையில் போடுவோர் தம் வழக்கின் முதன்மைச் சான்றையே விற்றுவிடுகின்றனர், இது மிகுந்த வருத்தத்திற்குரியது. ஆபத்தாகத் தொங்குவதை மட்டும் இறக்கிவிட்டு, மீதியை ஒரு பட்டயக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து அறிக்கை தரும்வரை பாதுகாப்பதும், கைப்பேசிப் படங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் ஆயத்தம் செய்து வைப்பதும் இன்றியமையாதவை.

ஒப்பந்தக்காரருக்கு எதிராக 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எளிய வழி தருகிறது. பணம் பெற்றுச் செய்யும் வீட்டுக் கட்டுமானத்தை ‘சேவை’ என்ற வரையறைக்குள் அச்சட்டமே சேர்த்திருப்பதால், தரம் குறைந்த கூரை வேலை ‘சேவைக் குறைபாடு’ ஆகும். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை எறணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அத்தொகை 5 லட்சத்திற்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 69-ஆம் பிரிவு. ஆனால் பஜார் சாலை வட்டாரத்தில் வழக்கமாகக் காண்பதுபோல் கூரைக்குக் கீழே மலைவிளைபொருள் கிடங்கு நடந்தால், வேலை வணிக நோக்கத்திற்கானது என்ற ஆட்சேபம் எழும். சுயதொழிலால் பிழைப்பவருக்கு அதில் விலக்கு உண்டு, மற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

அடுத்த வீட்டாரின் கோரிக்கையை ஒப்பந்தக்காரரைக் காட்டித் தட்டிவிடுவது நியாயமுமன்று, சட்டப்படி பாதுகாப்பானதுமன்று. 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி மாநகராட்சி எதிர் சுபகவந்தி வழக்கில், சாந்தினி சௌக்கின் மணிக்கூண்டு இடிந்து உயிர்கள் போனபோது, பொதுவழியை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளர், குறை வெளியே தெரிந்ததோ இல்லையோ, அதை ஆபத்தின்றிப் பேணக் கடமைப்பட்டவர் என்று கூறப்பட்டது. அத்தீர்ப்பு பொதுவழி தொடர்பானதே எனினும், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் மட்டாஞ்சேரி வீடுகளுக்கும் அதன் நியாயம் நீளும் என்ற வாதம் வலுவானது. உரிமையாளர் அடுத்த வீட்டு ஓடுகளையும் கழிக்கோல்களையும் முதலில் சீர்செய்து கொடுத்து, பற்றுச்சீட்டுகளுடன் அச்செலவையும் ஒப்பந்தக்காரரிடம் கோரலாம். ஒப்பந்த முறிவால் இயல்பாக விளையும் இழப்பு என்ற வகையில் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அடுத்த வீட்டார் விரும்பினால் ஒப்பந்தக்காரர் மீது நேரடியாகவும் கவனக்குறைவு வழக்குத் தொடுக்கலாம்.

வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா காப்பீடு இருந்தால், புயலாலும் பெருங்காற்றாலும் நேர்ந்த சேதத்திற்கு உடனே தகவல் தர வேண்டும். அக்காப்பீடு சொந்தக் கட்டடத்திற்கே உதவும், பிறர் இழப்பை ஏற்காது. ஒப்பந்தக்காரருக்கு எழுதும் அறிவிப்புக் கடிதத்தில் வேலை முடிந்த நாள், செலுத்திய தொகை, பொறியாளர் கண்ட குறை, அடுத்த வீட்டிற்கான செலவு ஆகியவற்றைக் குறித்து, 15 நாள் கெடுவுடன் பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பிய பின்னரே முறையீட்டைத் தாக்கல் செய்வது முறையாகும்.