ஒரு பெட்டி, பல விளையாட்டுகள்

காசோ டோக்கனோ போட்டால் உயிர்பெறும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை உங்கள் பெற்றோர் அறிந்திருப்பார்கள். ஆள் உயர மரப்பெட்டி, நடுவே படக்குழாய், அதன் கீழே ஒரு பிடியும் சில பொத்தான்களும். 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் நாம்கோ வெளியிட்ட ‘பாக்-மேன்’ ஆகியவை இவற்றுள் உலகப் புகழ் பெற்றவை. அன்று பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டுதான். இன்றோ, பழைய பெட்டி ஒன்றிலேயே பல விளையாட்டுகளை ஆடும்படி மாற்றியமைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ‘உள்ளே ஒரு சிறு கணினியை வைத்துவிட்டால் போயிற்று’ என்று நீங்கள் நினைக்கலாம். அவ்வளவு எளிதன்று. அதில் உங்கள் பாடப் புத்தக இயற்பியல் நிறைய ஒளிந்திருக்கிறது.

முதலில் இணைப்பைப் பார்ப்போம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் தொடங்கிய மின்ரயில், 2004 வரை மீட்டர் கேஜ் பாதையில் ஓடியது. தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1676 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. தொடக்கக் கால விளையாட்டுப் பலகைகளின் நிலையும் இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் மின்சுற்றுப் பலகைக்குத் தன் விருப்பப்படி செருகியை அமைத்தது. 1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ‘ஜாமா’ என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. பலகையின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள். எந்த முனையில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட், எதில் சிவப்பு, பச்சை, நீலக் குறிகைகள், எதில் ஒலி, எதில் காசுப்பெட்டி என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. பிறகு விளையாட்டை மாற்றப் பலகையை உருவி வேறொன்றைச் செருகினால் போதும். இன்று விற்கப்படும் பல-விளையாட்டுப் பலகைகளும் பெரும்பாலும் இதே 56 முனைகளை நம்பியே செய்யப்படுகின்றன. ஜாமாவுக்கு முந்தைய பெட்டி என்றால் கம்பிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு மாற்றிக் கட்ட வேண்டும்.

அடுத்தது திரை. படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படம் வரைகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய பெட்டிகளில் அது விநாடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள் வரையும். விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 262 கோடுகள். நம் பழைய தொலைக்காட்சியில் 625 கோடுகள், விநாடிக்கு 25 முழுப் படங்கள். பெருக்கிப் பாருங்கள்: 15,625. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! ஆனால் கணினித் திரைக்கென வந்த ‘வி.ஜி.ஏ.’ தரத்தில் இது விநாடிக்குச் சுமார் 31,500. இக்குறிகையைப் பழைய திரைக்கு அப்படியே கொடுத்தால், கற்றையை விலக்கும் சுருளின் மின்சுற்று இரு மடங்கு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் படம் கிழிந்து போகும். எனவே சிறு கணினியை 15,700 என்ற வேகத்தில் குறிகை தருமாறு அமைக்க வேண்டும்.

படக்குழாய்க்குப் பதில் தட்டைத் திரையைப் பொருத்தலாமே? பொருத்தலாம். ஆனால் பாக்-மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. திரையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி ஆடும் விளையாட்டு அது. 1080 வரிகள் கொண்ட இன்றைய திரையை வழக்கம்போல் கிடையாக வைத்தால், ஒரு புள்ளிக்கு 3.75 வரி வருகிறது. முக்கால் வரி என்று ஒன்று கிடையாது; ஆகவே சில புள்ளிகள் பருத்தும் சில சிறுத்தும் தெரியும். மும்மடங்கோடு நிறுத்தி 864 வரிகளில் காட்டினால் படம் ஒழுங்காக இருக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். என் கண்ணுக்குப் படக்குழாயின் அழகே தனி. இருந்தாலும் மாணவர்களுக்குத் தட்டைத் திரையைத்தான் சொல்வேன். காரணம் உண்டு.

வண்ணப் படக்குழாயின் நேர்மின்வாயில் சுமார் 25,000 வோல்ட் இருக்கக்கூடும். தாம்பரம் நிலையத்தில் உங்கள் தலைக்கு மேல் ஓடும் ரயில் மின்கம்பியில் இருப்பதும் 25,000 வோல்ட்தான்! குழாயின் கண்ணாடிக்கு உள்ளும் புறமும் கிராஃபைட் பூச்சு உண்டு. இரு கடத்திகள், நடுவே காப்புப் பொருள்: மின்தேக்கி அல்லவா? ஆகவே மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்தேக்குத் திறன் 2 நானோஃபாரட் என்று கொண்டால், ½CV² தரும் ஆற்றல் சுமார் 0.6 ஜூல். சிறிதுதான், ஆனால் அந்த அதிர்ச்சியில் கை துள்ளிக் குழாயின் மெல்லிய கழுத்தில் பட்டால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். மின்வழங்கியிலுள்ள 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 170 வோல்ட்டில் எவ்வளவு தேக்கும்? கிட்டத்தட்ட 6.8 ஜூல்; பத்து மடங்குக்கும் மேல். வோல்ட்டை மட்டும் பார்த்து அபாயத்தை அளக்காதீர்கள். இப்பகுதியைப் பழகிய தொலைக்காட்சி மெக்கானிக் கையில்தான் விட வேண்டும். நீங்கள் தொடவே கூடாது.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டி 100 வோல்ட்டுக்கு ஆனது, நமக்கு 230. இடையில் மின்மாற்றி கட்டாயம். அதிர்வெண் மாறினால் ஆட்டத்தின் வேகம் மாறுமா என்று சிலர் கேட்பதுண்டு. மாறாது. வேகத்தை முடிவு செய்வது பலகையிலுள்ள குவார்ட்ஸ் படிகம். பாக்-மேனில் 18.432 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை ஆறால் வகுத்து 3.072 மெகாஹெர்ட்ஸாக நுண்செயலிக்குத் தருகிறார்கள்.

அந்த நுண்செயலி ‘இசட்-80’. அதற்குரிய கட்டளைகள் இன்றைய கணினிக்குப் புரியாது. ஆகவே இசட்-80 என்ன செய்யுமோ அதைக் கட்டளைக்குக் கட்டளை நடித்துக் காட்டும் நிரல் ஒன்று வேண்டும். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997-இல் வெளியிட்ட ‘மேம்’ இவ்வகையில் புகழ் பெற்றது. நடிப்பு எவ்வளவு துல்லியம் தெரியுமா? பாக்-மேனின் நிலைகளை எண்ணும் எட்டு பிட் எண்ணி 255-ஐத் தாண்ட முடியாததால், 256-ஆம் நிலையில் திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும். அந்தப் பிழைகூட அப்படியே வருகிறது.

இந்த வேலைக்கு அவசரமும் உண்டு. பழைய பலகைகள் பலவற்றில் நிரல் ‘ஈ-ப்ராம்’ எனும் சில்லுகளில் இருக்கிறது. காப்புப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய தீவில் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்தான் அங்கே செய்தி. பத்தாண்டுகள் செல்லச் செல்ல அவை மெல்லக் கசிகின்றன. சில்லின் கண்ணாடிச் சாளரத்தில் வெயில் பட்டால் இன்னும் விரைவாக. கசிந்தபின் மீட்க வழியில்லை. அதற்கு முன் படித்துச் சேமித்தால்தான் உண்டு. ஆனால் விளையாட்டின் உரிமை இன்னும் அதன் நிறுவனத்திடமே இருக்கிறது என்பதை மறக்கலாகாது. மேம் நிரலைப் பெறுவது விளையாட்டைப் பெறுவதாகாது. இன்னொன்று: மூலப் பலகை இன்னும் இயங்கும் பெட்டியைப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத வெற்றுப் பெட்டிகளே இதற்கு ஏற்றவை.

எல்லாம் முடிந்து ஆட உட்கார்ந்தால், பாக்-மேன் திருப்பங்களில் தடுமாறுவான்! பிழை நிரலில் இல்லை, பிடியில். எட்டுத் திசைப் பிடியை மூலையில் தள்ளினால் இரண்டு ஸ்விட்சுகள் ஒருங்கே மூடும். பாக்-மேனோ நான்கு திசைகளை மட்டுமே அறிந்தவன். சில பிடிகளின் அடியில் சதுரத் துளையுள்ள தகடு இருக்கும். அதைக் கழற்றி 45 பாகை திருப்பிப் பூட்டினால் சரியாகிவிடும். ஏன் என்று ஒரு சதுரம் வரைந்து பாருங்கள்.