இரவு இருமலும் ஈசினோபில் அணுவும்

காரைக்குடி வட்டாரத்தில் கண்டாங்கி நெய்யும் அங்கத்தினர்களும், நெல்லும் கடலையும் பயிரிடும் அங்கத்தினர்களும் இருமலைப் பற்றி இருவிதமாக எண்ணுவதைக் காண்கிறோம். இருமல் நீடித்தால் சிலர் காசநோய் என்று அஞ்சி அதை மறைக்கின்றனர். வேறு சிலர் "ஈசினோபீலியா" என்று தாமே பெயரிட்டு, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். இரண்டும் பிழை என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

நமது நுரையீரலின் காற்றறைகளில் இரத்தத்தின் வெள்ளை அணு இனத்தைச் சேர்ந்த காவல் அணுக்கள் உள்ளன. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கி அழிப்பது அவற்றின் வேலை. தம்மால் இயலாதபோது அவை இரசாயனப் பொருள்களை வெளியிட்டு, இரத்தத்திலிருந்து வேறு அணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. அவ்வாறு வருவனவற்றுள் ஒன்றே ஈசினோபில். புழுக்களைக் கொல்லும் நச்சுப் பொருளைச் சிறு மணிகளாகத் தன்னுள் வைத்திருப்பது இதன் சிறப்பு. ஆனால் அந்த நஞ்சு புழுவை மட்டும் தேடிப் பார்த்துத் தாக்குவதில்லை. அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் நுரையீரலின் மெல்லிய சுவரையும் அரிக்கிறது.

இதற்குச் சான்று நமது நாட்டிலேயே கிடைத்தது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் காசநோய் ஆரோக்கிய நிலையத்தில், பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1940-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை வெளியிட்டனர். காசநோயாளர் போலத் தோன்றிய சிலரிடம் காசக் கிருமி இல்லை. இரத்தத்தில் ஈசினோபில்களே மலிந்திருந்தன. 1943-இல் வைன்கார்டன் என்பவர் இந்நோய்க்கு "வெப்பமண்டல ஈசினோபீலியா" என்று பெயரிட்டார். பாஷாணம் சேர்ந்த ஊசியே அன்று கைகண்ட மருந்து.

பின்னர் வந்த மருந்து நோயின் மூலத்தையும் காட்டிக் கொடுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தார், 1947-இல் யானைக்கால் புழுவுக்கு டைஎதில்கார்பமசின் என்ற மருந்தைக் கண்டனர். நாம் ஹெட்ராசான் என்று அறிந்தது அதுவே. இம்மாத்திரை ஈசினோபீலியா இருமலையும் தணித்தது. கொசுவால் பரவும் யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, அங்கே ஈசினோபில்களைத் திரட்டுகின்றன என்பது இவ்வாறு தெளிவாயிற்று. குஞ்சுகள் அங்கேயே அழிவதால் இரத்தத்தில் அவை அகப்படுவது அரிது. கால் வீங்காதவருக்கும் இந்நோய் வரலாம். காஞ்சிபுரம், கும்பகோணம் போன்ற யானைக்கால் நோய் கண்ட ஊர்களில் தங்கித் தறி வேலையோ வியாபாரமோ செய்து திரும்பியவர்கள் இதனை மருத்துவரிடம் சொல்ல மறக்கலாகாது.

1980-களில் சென்னையில் வி. கே. விஜயன் முதலிய மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளின் நுரையீரலை உப்பு நீரால் கழுவி, வந்த நீரைச் சோதித்தனர். நல்ல நுரையீரலில் அரிதாகவே இருக்க வேண்டிய ஈசினோபில், அணுக்களில் ஏறக்குறைய பாதியாக இருந்தது! மருந்து தொடங்கியபின் அது வெகுவாகக் குறைந்தது. எனினும் சிலரிடம் அழற்சி முற்றும் அடங்கவில்லை. அது நாட்பட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகும். இறுகிய பகுதி மீண்டும் நெகிழாது.

பஞ்சுத் தூசியின் கதை வேறு. பருத்தியோடு ஒட்டிவரும் பாக்டீரியாக்களின் நச்சு, நியூட்ரோபில் என்ற மற்றோர் அணுவை அழைக்கிறது. ஆலையில் பஞ்சு கொட்டும் பிரிவில் இருப்போருக்கு, வார விடுமுறை கழிந்த முதல் நாளில் மார்பு இறுகுவது இதனால்தான். கைத்தறியில் தூசி குறைவு. ஆயினும் தார் சுற்றும் அறையில் காற்றோட்டம் வேண்டும். இதற்கு ஹெட்ராசான் பயன்படாது.

இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500-க்குள் இருக்க வேண்டிய ஈசினோபில், மேற்சொன்ன நோயில் பெரும்பாலும் 3,000-க்கு மேல் ஏறும். இரவில் மிகும் வறட்டு இருமலும் இளைப்பும் அதனுடன் வரும். ஆனால் எண்ணிக்கை சிறிது கூடியதாலேயே இந்நோய் என்று முடிவு கட்டலாகாது. வயலில் வெறுங்காலுடன் நடப்போரைப் பற்றும் கொக்கிப்புழுவும் ஆஸ்துமாவும்கூட அதனை உயர்த்தும். ஆகவே இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் முதலில் சளியைக் கொடுத்துக் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும், அதற்குக் கட்டணமில்லை. இரத்தச் சோதனையையும் உடன் கேட்கலாம். வெப்பமண்டல ஈசினோபீலியாவே என்று மருத்துவர் உறுதி செய்தால் மாத்திரை வழக்கமாக மூன்று வாரம். நான்காம் நாளே இருமல் நின்றுவிட்டதென்று பலர் நிறுத்திவிடுகின்றனர்; மூன்று வாரத்தையும் முடித்து, மறுபடி இரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.