எல்லையும் கணினியும்

எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும் மட்டுமே கணிதம் அன்று. ஓர் அளவு மாறிக்கொண்டே செல்லும்போது அது முடிவில் எம்மதிப்பை நாடுகிறது என்று ஆராய்வதும் கணிதத்தின் பணியாகும். அவ்வாறு நாடப்படும் மதிப்பை எல்லை என்பர். 1/2, 1/4, 1/8 எனப் பாதிப்பாதியாகக் குறைந்து செல்லும் எண்கள் ஒருபோதும் சுழியைத் தொடுவதில்லை. ஆயினும், நாம் விரும்பும் அளவிற்குச் சுழியை நெருங்கிவிடுகின்றன. ஆதலின் சுழியே அவற்றின் எல்லையாகும்.

இக்கருத்தைத் தெளிவுற விளக்கி, அதனையே அடிப்படையாகக் கொண்டு கணிதத்தை வளர்த்தவருள் முதன்மையானவர் கோஷி என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் பாரிசில் மாணவர்க்கென எழுதிய பாடநூல் 1821ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்தில் நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. கலப்பெண் சார்புகளைப் பற்றிய தேற்றங்கள் பல இன்றும் கோஷியின் பெயராலேயே வழங்குகின்றன.

மெய்யெண்கள் யாவும் ஒரு கோட்டின்மேல் அமைவன. அக்கோட்டிலுள்ள ஒரு புள்ளியை அணுகுவதற்கு இடப்புறம், வலப்புறம் என இரண்டு பக்கங்களே உள்ளன. கலப்பெண்ணோ மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்னும் இரு பகுதிகளை உடையது. தன்னைத் தானே பெருக்கினால் −1 ஆகும் எண்ணே கற்பனை அலகு. இரு பகுதிகள் உண்மையால் கலப்பெண்கள் ஒரு கோட்டில் அடங்காமல் ஒரு தளம் முழுவதும் பரவி நிற்கின்றன. தளத்திலுள்ள புள்ளியை எத்திசையினின்றும் அணுகலாம். நேராகவும் வளைந்தும் சுற்றியும் அணுகலாம். எவ்வழியாக அணுகினும் சார்பு ஒரே மதிப்பை நாடினால்தான் அங்கு எல்லை உண்டு என்று கூறுதல் தகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். புதுச்சேரி நகரிலிருந்து மயிலம் செல்லும் வழியில், தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற சேதராப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் நடுவே ஒரு கம்பம் நாட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒருவர் புதுச்சேரியினின்றும், மற்றொருவர் மயிலத்தினின்றும் அதனை நோக்கி வருகின்றனர். கம்பத்திற்கும் தமக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்று இருவரையும் கேட்டால், இருவர் கூறும் அளவும் குறைந்து குறைந்து சுழியை நாடும். எனவே தூரத்திற்கு எல்லை உண்டு. இனி, கம்பம் எத்திசையில் தோன்றுகிறது என்று கேட்போம். புதுச்சேரியினின்று வருபவர் வடமேற்கு என்பார். மயிலத்தினின்று வருபவர் தென்கிழக்கு என்பார். ஓரடி தொலைவிற்கு வந்த பின்னரும் அவர்கள் விடை மாறுவதில்லை. ஆதலின் திசைக்கு எல்லை இல்லை.

கலப்பெண் சார்புகளிலும் இவ்விரு வகையும் உண்டு. ஒரு கலப்பெண்ணின் கற்பனைப் பகுதிக்கு முன்னுள்ள குறியை மட்டும் மாற்றினால் அதன் இணையெண் கிடைக்கும். இணையெண்ணை அக்கலப்பெண்ணால் வகுத்து வரும் ஈவைக் காண்போம். கலப்பெண் சுழியை நெருங்கும்போது அவ்வீவு யாதாகும்? மெய்யச்சின் வழியே வந்தால், எண்ணும் இணையெண்ணும் ஒன்றே, ஈவு 1. கற்பனை அச்சின் வழியே வந்தால், இரண்டும் குறியால் மாறுபடும், ஈவு −1. இரு பகுதிகளும் சமமாக இருக்கும் மூலைவிட்டத்தின் வழியே வந்தால், கற்பனை அலகின் எதிரெண் கிடைக்கும். மூன்று வழிகளில் மூன்று விடைகள் வந்தமையால், இங்கு எல்லை இல்லை என்பது தெளிவு.

இத்தகைய கணக்குகளுக்கு இக்காலத்தில் கணினி துணை செய்கிறது. எண்களை மட்டுமன்றிக் குறியீடுகளையும் இயற்கணித விதிப்படி கையாளும் மென்பொருள்கள் உள்ளன. அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1968ஆம் ஆண்டில் மேக்சைமா என்னும் மென்பொருளை உருவாக்கும் பணி தொடங்கிற்று. அதன் வழிவந்த மேக்சிமாவும், சிம்பை என்னும் வேறொரு மென்பொருளும் இன்று எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன.

அவற்றின் சிறப்பை ஒரு கணக்கினால் அறியலாம். ஒரு கோணத்தின் கொசைனை 1இலிருந்து கழித்து, அக்கோணத்தின் வர்க்கத்தால் வகுப்போம். ரேடியனில் அளந்த கோணம் சுழியை நெருங்கும்போது இதன் எல்லை 1/2 ஆகும். ஏறக்குறைய 16 இலக்கங்களை மட்டும் வைத்துக் கணிக்கும் கணினியில், கோணத்திற்கு 0.000000001 என்னும் மதிப்பை இட்டால், விடை சுழி என்று வரும். அச்சிறு கோணத்தின் கொசைன் 1க்கு மிக அருகில் இருத்தலால், கணினி அதனை 1 என்றே கொண்டுவிடுகிறது. குறியீட்டு மென்பொருளோ எண்ணை இடுவதில்லை. உறுப்புகள் குறையும் விரைவை ஒப்பிட்டு 1/2 என்னும் சரியான விடையைத் தருகிறது.

எனினும், அம்மென்பொருளும் நாம் கேட்டதற்கே விடை கூறும். 1ஐ ஒரு மாறியால் வகுத்து, அம்மாறி சுழியை நெருங்கும்போது எல்லை யாது என்று சிம்பையை வினவுவோம். திசையைக் குறிக்காவிடின், அது வலப்புறத்தையே கொண்டு முடிவிலி என்று விடை தரும். இடப்புறம் என்று குறித்தாலோ, எதிர்முடிவிலி என்னும் விடை வரும். முன்பு கண்ட இணையெண் கணக்கிலும், மாறியை மெய்யெண் என்று குறித்துவிட்டால் 1 என்னும் விடையே கிடைக்கும். இது பொறியின் குற்றம் அன்று. தளம் முழுவதையும் பற்றிய வினாவை நாம் ஒரு கோட்டளவில் சுருக்கிக் கேட்டதன் விளைவே ஆகும்.

அவ்வாறாயின், பல கோடுகளின் வழியே சோதித்துப் பார்த்தல் போதுமா? போதாது. மெய்ப்பகுதியின் வர்க்கத்தைக் கற்பனைப் பகுதியால் பெருக்குக. அதனை, மெய்ப்பகுதியின் நான்காம் அடுக்கும் கற்பனைப் பகுதியின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க. சுழியை நோக்கி எந்த நேர்கோட்டின் வழியே சென்றாலும் இவ்வீவு சுழியையே நாடும். ஆனால், கற்பனைப் பகுதி மெய்ப்பகுதியின் வர்க்கத்திற்குச் சமமாக இருக்கும் வளைவின் வழியே சென்றால், ஈவு எங்கும் 1/2 ஆகவே நிற்கும். ஆயிரம் கோடுகள் ஒன்றுபட்டுக் கூறியதை ஒரு வளைவு மறுத்துவிடுகிறது.

ஆகவே, எல்லை இல்லை என்று காட்ட மாறுபட்ட இரு வழிகள் போதும். எல்லை உண்டு என்று நிறுவ, எல்லா வழிகளையும் ஒருங்கே அளக்கும் சான்று வேண்டும். இணையெண்ணின் வர்க்கத்தைக் கலப்பெண்ணால் வகுத்தால் வரும் ஈவின் மட்டு, அக்கலப்பெண்ணின் மட்டுக்கே சமம். மட்டு என்பது சுழியினின்று உள்ள தூரம். அத்தூரம் குறையுந்தோறும் ஈவும் சுழியை நாடியே தீரும். வழி எதுவாயினும் ஆகுக. சேதராப்பட்டுக் கம்பத்தின் தூரத்தைப் போன்றதே இச்சான்று.

விதிப்படி கணிக்கும் ஆற்றலும் விதியின் காரணத்தை அறியும் அறிவும் வெவ்வேறு என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ஜான் வாரன் என்பவர் தென்னாட்டுக் காலக் கணித முறைகளை ஆராய்ந்து, 1825இல் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவர்முன் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அஃது 1825ஆம் ஆண்டு மே 31, சூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணம். கணக்கில் தொடக்க நேரம் 4 நிமிடமும், நடு நேரம் 23 நிமிடமும், முடிவு நேரம் 52 நிமிடமுமே பிழைபட்டன. வானியற் கொள்கை எதனையும் அக்கணிதர் அறிந்திலர் என்றும், அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது என்றும் வாரன் குறித்துள்ளார்.

அக்கணிதரின் திறமை போற்றுதற்குரியது. ஆயினும், முடிவில் 52 நிமிடம் பிழைபட்டது ஏன் என்று ஆராய்ந்து திருத்துவதற்கு மனப்பாடம் மட்டும் உதவாது, கொள்கையறிவு வேண்டும். இன்றைய கணினியும் விதி வழுவாது, களைப்பின்றிக் கணிக்கிறது. அதனை நாம் தயங்காது பயன்படுத்த வேண்டும். ஆனால் மாறி எவ்வகை எண், எத்திசையினின்று அணுகுகிறது, எல்லா வழிகளும் ஆராயப்பட்டனவா என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு விடையின்முன்னும் நாமே எழுப்புதல் வேண்டும். மாணவர்களே, இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே, திரையில் தோன்றும் எண்ணை எல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.